நாலாகப் பிரியும் தூண்டில்

"எங்க நின்னு பிடிப்பீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

இதென்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல் வந்தது. கடல் தூண்டில் வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். கடல் மீனைக் குளியலறையில் நின்றா பிடிப்பார்கள்?

"கடல்லதாங்க," என்றேன்.

"கடல்லதான் சார். கடல்ல எங்க? மணல்ல நின்னு தூரமா வீசணுமா, பாறை மேல நின்னா, படகுல உக்காந்தா? ஒவ்வொண்ணுக்கும் வேற வேற ராடு."

சுவர் முழுக்கத் தூண்டில் கோல்களை நிறுத்தியிருந்தார்கள். குட்டை, நெட்டை, தடி, ஒல்லி என்று எத்தனையோ. ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற எனக்கு, அத்தனையும் ஒரே மாதிரிக் குச்சியாகத்தான் தெரிந்தன.

"எனக்கு இல்லீங்க. என் வீட்டுக்காரிக்கு."

இதைக் கேட்டதும் கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரரின் மனைவி எழுந்தே வந்துவிட்டார். "அப்படிச் சொல்லுங்க! மேடம் என்ன உயரம்?"

கையைத் தூக்கி என் காதுக்கு நேராகக் காட்டினேன். பிறகு சந்தேகம் வந்து மூக்குக்கு இறக்கினேன். அவள் இரண்டு கண்பாவைகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தால் மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லியிருப்பேன். உயரத்தை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?

"எந்தக் கையால ரீல் சுத்துவாங்க? இரை மாட்டிப் போட்டுட்டுக் காத்திருப்பாங்களா, இல்ல பொய் மீனை வீசி வீசி இழுப்பாங்களா?"

"பொய் மீனா?"

கடைக்காரர் உள்ளங்கையில் ஒரு பிளாஸ்டிக் மீனை வைத்துக் காட்டினார். அதற்குக் கண்கூட வரைந்திருந்தது. "இதை நிஜம்னு நம்பி வந்து கடிக்கும் சார்," என்றார். அப்போது எனக்கு மீனின் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது, ஏனென்றால் என் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்.

ஒரு பிறந்தநாள் பரிசு வாங்க வந்தவன் ஏன் இப்படி விழித்தேன் என்பது புரிய வேண்டுமானால், முந்தின வாரம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். என் மனைவி ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கே தலைமை நர்ஸ். விடுமுறை நாட்களில், தன்னோடு வேலை செய்யும் ஒருத்தியோடு துறைமுகத் தடுப்புச் சுவருக்குப் போய் மீன் பிடிக்கிற பழக்கம் அவளுக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டது. கோல்கள் அந்தத் தோழியுடையவை. தோழி மாற்றலாகி, கோல்களோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இதுவரை குழப்பம் ஒன்றும் இல்லை.

ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "தீவுல புதுசா ஒரு சின்ன ஆஸ்பத்திரி திறக்கறாங்க. பொறுப்பை என்னை எடுத்துக்கச் சொல்லிக் கேக்கறாங்க. ரெண்டு வருஷம். அடுத்த திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

தீவுக்குக் கப்பலில்தான் போக வேண்டும். போனால் அடிக்கடி வர முடியாது. நானும் கூடப் போகலாம் என்றால், என் கண்ணாடிக் கடையை யார் தலையில் கட்டுவது? மகன் எப்போதோ வேறு ஊரில் குடும்பமாகிவிட்டான். அவளும் போய்விட்டால் வீட்டில் நானும் சுவரும்தான். ஆனால் வாய் தன் பாட்டுக்கு, "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்," என்றது.

சொல்லி முடித்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். எத்தனை பேர் வீட்டில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு பதில் கிடைக்கும்? அவளோ ஏற்கெனவே மடித்து வைத்த என் சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "சரி," என்றாள். அந்தச் 'சரி'க்குத் தலை எது வால் எது என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அவள் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரு கடல் தூண்டில்."

"எந்த மாதிரி? உனக்கு எது பிடிக்கும்னு சொன்னா..."

"நீங்களே பார்த்து வாங்கிட்டு வாங்க."

"அதில்ல, உனக்கு..."

"நீங்களேன்னு சொன்னேன்ல?"

அதனால்தான் இந்தக் கடை. அதனால்தான் இந்த முழி.

கடைக்காரர் ஒரு நெடுங்கோலை எடுத்து நீட்டினார். அதன் நுனி கூரை விசிறியைத் தொடப் பார்த்தது. "இது கார்பன் சார். எடையே தெரியாது. நாள் பூரா வீசினாலும் தோள் வலிக்காது. நூல் ஓடுற வளையத்துக்குள்ள பீங்கான் பதிச்சிருக்கு, உப்புக் காத்துக்குத் துருப்பிடிச்சு நூலை அறுக்காது. ஒரே துண்டு. மூட்டே கிடையாது. இந்த ஊர்த் தடுப்புச் சுவருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்."

"கார்பன் பாறையில ஒரு தட்டு தட்டினாப் போச்சு," என்றார் அவர் மனைவி. "கண்ணாடி இழையில எடுங்க சார். கனம்தான், ஆனா ஒடியாது."

கண்ணாடி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அதைக் கையில் வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கண்ணாடிச் சட்டத்தின் கோணலைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று தெரியாததால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

"கனமா இருந்தா மேடம் ஒரு மாசத்துல மூலையில சாத்திடுவாங்க," என்றார் கடைக்காரர்.

"மூலையில சாத்தினாலும் முழுசா இருக்கும்ல?"

"நீ இதுவரைக்கும் ஒரு மீன் பிடிச்சிருக்கியா?"

"உங்களைப் பிடிச்சேன். அது போதாதா?"

அவர்கள் இருவரும் என்னை மறந்துவிட்டு உற்சாகமாகச் சண்டை போட்டார்கள். அவர் நுனி மட்டும் வளைய வேண்டும் என்றார். அந்த அம்மாள் பாதிக் கோல்வரை வளைந்தால்தான் பெரிய மீன் இழுக்கும்போது கை தாங்கும் என்றார். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. இதற்கு இடையில் அந்த அம்மாள் சட்டென்று என் பக்கம் திரும்பி, "அதெல்லாம் இருக்கட்டும். மேடம் இங்கயே பிடிக்கவா, வெளியூருக்குக் கொண்டு போறதுக்கா?" என்று கேட்டார்.

நான் சுவரில் இருந்த கோல்களைப் பார்த்தேன்.

"ஏன் கேக்கறேன்னா, இங்கயேன்னா அந்த நெட்டையை எடுத்துக்குங்க. வெளியூர்னா அதை எந்த வண்டியிலயும் ஏத்த முடியாது. அப்ப இதுதான்." ஒரு துணிப்பையைத் திறந்து நாலு குட்டைத் துண்டுகளை மேசையில் பரப்பினார். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் நல்ல நீளக் கோல், பிரித்தால் பெட்டிக்குள் போய்விடும். "கப்பல்ல போறவங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க."

மேசையில் ஒரு பக்கம் பிரிக்கவே முடியாத நெடுங்கோல், இன்னொரு பக்கம் நாலு துண்டு. நெட்டையை வாங்கிப் போனால் 'போகாதே' என்று சொன்னதாக ஆகும். துண்டுகளை வாங்கிப் போனால் 'போய் வா' என்று ஆகும். இதைத்தான் கேட்டிருக்கிறாளா? இல்லை, பாவம், வெறும் தூண்டில்தான் கேட்டாளா? நான்தான் கன்னாபின்னாவென்று யோசித்து மண்டையைக் குழப்பிக்கொள்கிறேனா?

வெளியே வந்து அவளுக்குப் போன் போட்டேன்.

"எங்க நின்னு பிடிப்பாங்கன்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ சொன்னாத்தானே நான் சொல்ல முடியும்?"

அந்தப் பக்கம் தள்ளுவண்டிச் சக்கரங்களின் சத்தம் வந்தது. யாரோ இருமினார்கள். "நான் எங்க நிப்பேன்னு நீங்களே சொல்லுங்க," என்றாள். "ஊசி போடணும். வைக்கறேன்."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அடுத்ததாக அவள் தம்பியைக் கூப்பிட்டேன். என் மச்சான் எல்லா விஷயத்துக்கும் கருத்து வைத்திருப்பவன்.

"அத்தான், அக்கா கேட்டது தூண்டில்தானா? நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

"தூண்டில்தான்டா."

"அப்ப அது தூண்டில் இல்ல அத்தான்."

"பின்ன என்ன?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தினமும் என் வீட்ல திட்டு வாங்கறேன்?"

சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கடைக்காரத் தம்பதியிடம் சொல்லிவிட்டு என் கடைக்கு நடந்தேன். அங்கே ஒரு பஸ் டிரைவர் காத்துக்கொண்டிருந்தார். இருட்டு அறையில் அவரை உட்கார வைத்து, கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டேன்.

"இது தெளிவா இருக்கா, இதுவா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு எது சரின்னு தோணுது?"

"நான் சொல்லக் கூடாதுங்க. நீங்கதான் சொல்லணும்."

என் தொழிலின் முதல் விதி இது. 'இதுதானே நல்லா இருக்கு?' என்று நாங்கள் ஒரு வார்த்தை விட்டால் போதும், ஆள் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். பிறகு தவறான கண்ணாடியோடு வண்டி ஓட்டுவார். அதனால் முகத்தில்கூட எதையும் காட்டக் கூடாது. எது தெளிவு என்று நமக்குத் தெரிந்தாலும் சும்மா இருக்க வேண்டும். கடை போட்ட நாளிலிருந்து இதைச் செய்து செய்து, வீட்டிலும் அதுவே பழகிவிட்டது. சுவருக்கு என்ன நிறம், மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது, லீவுக்கு எங்கே போவது, எல்லாவற்றுக்கும் உனக்கு எது சரின்னு படுதோ அதுதான். மனைவியை இவ்வளவு சுதந்திரமாக விட்ட ஆள் எங்கள் தெருவிலேயே கிடையாது என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

"சொல்லித்தான் தொலைங்களேன்," என்றார் டிரைவர்.

"கண்ணு உங்களுதா, என்னுதா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் பயந்துபோய், ஏதோ ஒன்றைச் சொன்னார். அவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன், ஏனென்றால் அன்றைக்கு யார் கண்ணையும் நம்புகிற நிலையில் நான் இல்லை.

தனியாக உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு எது வேண்டும் என்பதில் துளிக் குழப்பமும் இல்லை. நெட்டைதான் வேண்டும். எந்தக் கப்பலிலும் ஏறாத, வாசலில் நுழைக்கவே சாய்த்துப் பிடிக்க வேண்டிய அந்த நெட்டை. அதைக் கொண்டுபோய்க் கூடத்தில் நிறுத்திவிட்டால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரும். ஆனால் அவள்? இத்தனை வருஷம் அடுத்தவர் வைத்த வார்டில் வேலை பார்த்தவளுக்கு இப்போதுதான் ஒரு ஆஸ்பத்திரியையே கையில் கொடுக்கிறார்கள். அதில் போய் ஒரு குச்சியைக் குறுக்கே நீட்டுவதா? சீ, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

பெருந்தன்மை தலைக்கேறிவிட்டது. அது இறங்குவதற்குள் ஓடிப்போய் நாலு துண்டை வாங்கிவிட்டேன். "வெளியூரா?" என்று அந்த அம்மாள் கேட்டார். "வெளியூர்தான்," என்றபோது குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எடை குறைவு, கைப்பிடியில் கார்க், துருப்பிடிக்காத வளையம், மூட்டுகளில் மெழுகு தடவினால் இறுகிக்கொள்ளாது என்று அவர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அவள் இதைப் பார்த்ததும் என்னை எப்படிப் புரிந்துகொள்வாள், கண் எப்படிக் கலங்கும் என்று கற்பனை செய்துகொண்டே வந்தேன்.

அவள் பையைத் திறந்தாள். சாப்பாட்டு மேசையில் துண்டுகளை வரிசையாக வைத்தாள். ஒன்றோடு ஒன்றைச் செருகி, வளையங்கள் ஒரே கோட்டில் வருகிறதா என்று திருப்பித் திருப்பிச் சரிசெய்தாள். கோல் கையில் நின்றது. ஒரு தடவை மெதுவாக ஆட்டிப் பார்த்தாள்.

"நல்ல கோல்," என்றாள். "எதுக்கு நாலு துண்டு?"

"அப்பதான் பெட்டியில அடங்கும்," என்றேன் பெருமையாக.

"எந்தப் பெட்டியில?"

"நீ கொண்டு போற பெட்டியில."

கோலின் நுனி அசைவது நின்றது. "அப்ப போகச் சொல்றீங்க," என்றாள்.

"நான் எங்க சொன்னேன்?"

"சொல்லலை. வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"ஏம்மா, நீ போகணும்னு ஆசைப்படறேன்னு நினைச்சுதானே வாங்கினேன்! நான் ஆசைப்பட்டது வேற கோல். இவ்வளவு நீளம். கூரையில இடிக்கும். அதை எந்தக் கப்பல்லயும் ஏத்த முடியாது."

"அதை ஏன் வாங்கலை?"

"வாங்கியிருந்தா நீ என்ன நினைப்பே? ஒரு நல்ல வேலை வந்தப்ப குறுக்கே நின்னான்னுதானே?"

அவள் கோலை மேசையில் வைத்தாள். முகத்தில் கோபமா, சிரிப்பா, அழுகையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷமாக மனிதர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அவர்கள் கண்ணையே பார்க்கிற தொழில் எனக்கு. அதெல்லாம் அந்த நேரத்துக்கு ஒரு காசுக்கு உதவவில்லை.

"ஒரு வாரமா காத்துக்கிட்டிருக்கேன்," என்றாள். "இந்த மனுஷன் ஒரு தடவை வாயைத் திறந்து 'போகாதே'ன்னு சொல்வாரான்னு. சொல்லலை. சரி, பேச வராது, கைலயாவது வாங்கிட்டு வந்து காட்டட்டும்னு பார்த்தேன். நீங்க பெட்டியில அடங்குறதை வாங்கிட்டு வந்து நிக்கறீங்க."

"நான் சொல்லியிருந்தா நீ நின்னிருப்பியா?"

"இல்ல," என்றாள். யோசிக்கவே இல்லை. "போயிருப்பேன்."

எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. "எப்படியும் போறவகிட்ட நான் எதுக்குடி சொல்லணும்?"

"என்னைப் போக வேண்டாம்னு சொல்ல ஒரு ஆள் இருக்காருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போயிருப்பேன்." மேசையில் கிடந்த கோலைத் தள்ளி வைத்தாள். "இப்ப எப்படிப் போறது சொல்லுங்க? நான் இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணுன்னு இருக்கற வீட்லேர்ந்து போற மாதிரி இருக்கு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். சுதந்திரமாக விட்டேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த அத்தனை காலமும் அவள் இதையா நினைத்துக்கொண்டிருந்தாள்? அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"போகாதே," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கடையிலேர்ந்து வந்தா கதவைத் திறக்க ஆள் இருக்காது. நீ ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொல்லும்போது நான் பேப்பர் படிச்சிக்கிட்டிருப்பேன், ஆனா கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். வார்டு மூணுல அந்தக் கிழவர் மாத்திரையைத் துப்பினது வரைக்கும் தெரியும். அது இல்லாம என்னால முடியாது. எனக்குப் பிடிக்கலை. போகாதே."

இவ்வளவு நீளமாக நான் பேசியது எனக்கே புதிது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"போகாதே."

அவள் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. எனக்குள் ஒரு நப்பாசை மெல்லத் தலை தூக்கியது. ஒருவேளை, ஒருவேளை...

"திங்கட்கிழமை வர்றேன்னு சொல்லிடப் போறேன்," என்றாள் அவள். சொன்னபோது இத்தனை நாளும் நான் பார்க்காத ஒரு தெளிவு அவள் முகத்தில் இருந்தது. போகாதே என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அதே கையோடு போகிறேன் என்று சொல்கிற பெண்ணை என்ன செய்வது? எனக்கு அழுகை வந்தது. ஆனால் கோபம் வரவில்லை. அது ஏன் என்றும் புரியவில்லை.

"அந்தப் பெரிய பெட்டியை எடுங்க," என்றாள். "அடங்குதான்னு பார்ப்போம்."

பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கட்டில் மேல் திறந்து வைத்தேன். அவள் கோலைப் பிரித்து, துண்டுகளைப் பைக்குள் போட்டு, பெட்டியில் நீளவாக்கில் வைத்தாள். அடங்கவில்லை. இரண்டு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அடங்கலை!" என்றேன். குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க நான் முயலவே இல்லை.

அவள் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள். பிறகு பையை எடுத்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக வைத்தாள். அடங்கிவிட்டது. நான் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், அவள் ஜிப்பை இழுத்து மூடினாள்.